சமரச மேசையில் எந்தப் பக்கம்? தொழிலுறவுத் துறைக்குப் போக நினைக்கும் குமரிப் பட்டதாரிகளுக்கு

தொழிலாளர் அலுவலகத்தில் ஒரு சமரசப் பேச்சு நடந்தால் மேசைக்கு நடுவில் சமரச அலுவலர் இருப்பார். ஒரு பக்கம் நிர்வாகத்தின் ஆள், எதிர்ப்பக்கம் தொழிலாளியும் சங்கப் பொறுப்பாளரும். வக்கீல் என்ற முறையில் யாரும் அங்கே உட்கார முடியாது. 1947-ஆம் ஆண்டின் தொழில் தகராறுச் சட்டம் அப்படித்தான் வைத்திருந்தது. பழைய தொழிலாளர் சட்டங்களைச் சேர்த்து எழுதிய நான்கு புதிய தொகுப்புகளில் ஒன்றாக 2025 நவம்பர் 21 அன்று நடைமுறைக்கு வந்த தொழிலுறவுத் தொகுப்பும் அதை மாற்றவில்லை. இந்தத் துறையில் வேலை தேடுகிறவர் முதலில் முடிவு செய்ய வேண்டியது, அந்த அறையில் தான் எங்கே உட்காரப் போகிறோம் என்பதை. எந்தப் படிப்பு, எந்தக் கல்லூரி என்பதெல்லாம் அதற்குப் பிறகு.

நம் பக்கத்தில் பெரும்பாலும் தலைகீழாக நடக்கிறது. எம்.பி.ஏ. ஹெச்.ஆர். முடித்துவிட்டு நாகர்கோவிலில் ஒரு ஜவுளிக்கடையில் வருகைப்பதிவு பார்ப்பார்கள். இரண்டு வருடம் கழித்து, "இதில் தொழிலுறவு எங்கே இருக்கிறது?" என்று கேட்பார்கள். அந்த வேலையில் அது இல்லை என்பதுதான் பதில்.

குமரி மாவட்டத்தில் தகராறு எங்கே இருக்கிறது என்று முதலில் பார்க்கலாம். பெரிய தொழிற்சாலைகள் குறைவு, ஆனால் தகராறுக்குப் பஞ்சமில்லை. 1984-இல் தொடங்கிய அரசு ரப்பர் கழகத்தின் தோட்டங்களில் பால்வெட்டுத் தொழிலாளர் கூலி, ஒரு நாளைக்கு எத்தனை மரத்தில் பால் வெட்ட வேண்டும் என்ற கணக்கு, மழை நாளில் வேலை இல்லாமல் போவது ஆகியவை எப்போதும் இருக்கும் பிரச்சினைகள். கல்குளம், விளவங்கோடு பக்கத்து அண்டி ஆபீஸ்களில் (முந்திரி ஆலைகளில்) எடைக்கூலி, வேலை நாள் குறைவு, பி.எஃப்., ஈ.எஸ்.ஐ. பிடித்தம். ராணித்தோட்டம் பணிமனையை மையமாகக் கொண்ட போக்குவரத்துக் கழகத்தில் ஊதிய ஒப்பந்தம் சென்னையில் முடிவாகிவிடும். இங்கே மிஞ்சுவது தனிநபர் தண்டனை வழக்குகள். மணவாளக்குறிச்சியில் உள்ள ஐ.ஆர்.இ.எல். மத்திய அரசு நிறுவனம், ஆகவே அங்குள்ள தகராறு மாநிலத் தொழிலாளர் துறைக்கு வராது. மத்தியத் தொழிலாளர் ஆணையரின் கீழ் உள்ள அலுவலர்களிடம் போகும். வங்கி, ரயில்வே, காப்பீட்டுக் கழகம் எல்லாமே அப்படித்தான். மனுவைத் தவறான அலுவலகத்தில் போட்டு மாதங்களை இழக்கிறவர்கள் உண்டு. எந்த வழியில் போனாலும், "உரிய அரசு எது" என்று முதலில் கேட்கும் பழக்கம் வேண்டும்.

சின்னமுட்டம், குளச்சல், தேங்காய்ப்பட்டணம் துறைமுகங்களில் படகுத் தொழிலாளர் ஆயிரக்கணக்கில் இருந்தும், அவர்கள் தகராறு தொழிலாளர் அலுவலகத்துக்கு அதிகம் வருவதில்லை. பங்குமுறையில் வேலை நடப்பதால் முதலாளி, தொழிலாளி என்ற உறவையே முதலில் நிரூபிக்க வேண்டியிருக்கும். படகு உரிமையாளர் சங்கமும் ஊர்க் கமிட்டியும் பேசி முடித்துவிடுவார்கள். எந்தச் சட்டப் புத்தகத்திலும் இல்லாத சமரச முறை அது. துறைக்குள் வருகிறவர் அதையும் கொஞ்சம் கவனித்துப் பார்ப்பது நல்லது.

அரசுப் பணி

தமிழ்நாட்டில் பலரும் நினைக்கும் வழி இதுதான். டி.என்.பி.எஸ்.சி. குரூப் 2 தேர்வில் தொழிலாளர் உதவி ஆய்வாளர் பதவி வரும். ஏதேனும் ஒரு பட்டம் போதும். முதல்நிலைத் தேர்வில் 200 கேள்விகள், 300 மதிப்பெண். பிறகு முதன்மைத் தேர்வு. அதில் பத்தாம் வகுப்புத் தரத்தில் தமிழ்த் தகுதித் தாள் உண்டு, 40 சதவீதம் எடுத்தாக வேண்டும். விளவங்கோடு பக்கம் மலையாள வழியில் படித்தவர்கள் இந்த ஒரு தாளில் சறுக்கிவிடக் கூடாது; ஆறு மாதமாவது தமிழில் எழுதிப் பழக வேண்டும். குரூப் 1-இல் 2025 அறிவிக்கையில் தொழிலாளர் உதவி ஆணையர் பணியிடங்களும் இடம்பெற்றன. சமரசப் பணிக்குச் சீக்கிரம் போக விரும்புகிறவருக்கு அது நேர்வழி, ஆனால் போட்டி வேறு ரகம்.

உதவி ஆய்வாளரின் அன்றாட வேலை என்ன என்று தெரிந்துகொண்டு விண்ணப்பிப்பவர்கள் குறைவு. தமிழ்நாட்டில் எடையளவுச் சட்டத்தை நடைமுறைப்படுத்துவதும் தொழிலாளர் துறைதான். சந்தையில் தராசு முத்திரை பார்ப்பது, பொட்டலப் பொருளில் விலையும் எடையும் அச்சிட்டிருக்கிறதா என்று பார்ப்பது, குறைந்தபட்ச ஊதியப் பதிவேடு, குழந்தைத் தொழிலாளர் சோதனை, ஜவுளிக்கடையில் விற்பனைப் பெண்களுக்கு உட்கார இருக்கை போட்டிருக்கிறார்களா என்ற ஆய்வு: இவையெல்லாம் அந்தப் பதவியின் வேலை. (இருக்கை உரிமை 2021-இல் வந்த திருத்தம்.) முத்திரை ஆய்வாளர் என்ற பதவியே துறையில் உண்டு. வேலைநிறுத்தத்தைப் பேசித் தீர்க்கும் நாற்காலிக்கு வர, பதவி உயர்வில் பல ஆண்டுகள் காத்திருக்க வேண்டும்.

அந்த நாற்காலிக்கு வந்தபின்னும் தீர்ப்புச் சொல்லும் அதிகாரம் கிடையாது. சமரச அலுவலர் அழைக்கலாம், ஆவணம் கேட்கலாம், இரு தரப்பையும் தனித்தனியாக உட்கார வைத்துப் பேசலாம். உடன்பாடு வராவிட்டால் முறிவறிக்கை எழுதலாம். பேச்சு முறிவதற்கு அடிக்கடி காரணமாவது சட்டச் சிக்கலை விட, "மேலிடத்தைக் கேட்டுச் சொல்கிறேன்" என்ற ஒரே வரிதான். முடிவெடுக்க அதிகாரமில்லாத ஒருவரை நிர்வாகம் அனுப்பிவிடும். மூன்று வாய்தா அப்படியே போகும். திறமையான அலுவலர் முதல் அமர்விலேயே அதிகாரக் கடிதத்தைக் கேட்டு வாங்கிவிடுவார்.

மத்திய அரசுப் பக்கம் பார்த்தால், யு.பி.எஸ்.சி. வழியாக வருங்கால வைப்பு நிதி நிறுவனத்தின் அமலாக்க அலுவலர் பதவி இருக்கிறது. ஊதிய நிலை 8, பொதுப்பிரிவு வயது வரம்பு 30. உதவி ஆணையர் பதவிக்கு நிலை 10, வயது 35. பாடத்திட்டத்தில் தொழிலுறவும் தொழிலாளர் சட்டமும் நேரடியாகவே உண்டு என்பதால் இதற்குப் படித்தது வேறு எந்த வழிக்குப் போனாலும் வீணாகாது. நாகர்கோவிலிலேயே மண்டல அலுவலகம் இருக்கிறது, ஆனால் பணியிடம் இந்தியாவில் எங்கும் கிடைக்கலாம். பொறியியல் படித்தவர்களுக்குத் தொழிலகப் பாதுகாப்பு இயக்ககம் தனி வழி; அது விபத்துத் தடுப்பு வேலை, தகராறு வேலை அல்ல.

இந்த வழியின் ஆபத்து ஒன்றுதான். இட ஒதுக்கீட்டுப் பிரிவினருக்கு டி.என்.பி.எஸ்.சி.யின் பெரும்பாலான பதவிகளில் உச்ச வயது வரம்பு இல்லை. சலுகை என்று வந்தது பலருக்கு முடிவில்லாத தயாரிப்பாக மாறிவிடுகிறது. இரண்டு சுற்று எழுதியும் முதன்மைத் தேர்வு வரை எட்டவில்லை என்றால் மற்ற வழிகளில் ஒன்றைத் தொடங்கிவிட்டு, பக்கத்தில் இதையும் எழுதுவது நல்லது.

நிர்வாகப் பக்கம்

எம்.எஸ்.டபிள்யூ., எம்.பி.ஏ., தொழிலாளர் மேலாண்மையில் எம்.ஏ. என்று படிப்புகள் பல. இதில் பலரும் கவனிக்காத ஒரு கணக்கு இருக்கிறது. 1948-இன் தொழிற்சாலைகள் சட்டப்படி 500 தொழிலாளர் இருந்தால்தான் தொழிலாளர் நல அலுவலர் கட்டாயமாக இருந்தது. புதிய பணிப் பாதுகாப்புத் தொகுப்பில் அது 250 ஆகிவிட்டது, தோட்டங்களும் சுரங்கங்களும் அதில் அடங்கும். ஆக அந்தப் பணியிடங்கள் கூடும். ஆனால் நல அலுவலருக்கான கல்வித் தகுதியை மாநில விதி சொல்கிறது, எல்லா எம்.பி.ஏ.வும் அதில் அடங்கிவிடாது. சென்னையில் உள்ள தமிழக அரசின் தொழிலாளர் கல்வி நிலையம் நடத்தும் எம்.ஏ., முதுநிலைப் பட்டயப் படிப்புகளுக்கு மதிப்பு இருப்பது இதனால்தான். கல்லூரியில் பணம் கட்டும் முன், "இந்தப் பட்டம் நல அலுவலர் விதியில் ஏற்கப்பட்டதா?" என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள். வாய்வார்த்தை போதாது.

வேலை கிடைக்கும் இடம் குமரி அல்ல. நாகர்கோவில் மருத்துவமனைகளிலும் பொறியியல் கல்லூரிகளிலும் உள்ள ஹெச்.ஆர். வேலை ஆளெடுப்பும் சம்பளப் பட்டியலும்தான். தொழிலுறவு பழக வேண்டுமானால் ஓசூர், ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம், கோவை. கொஞ்சம் பக்கத்தில் வேண்டுமென்றால் கங்கைகொண்டான் சிப்காட், தூத்துக்குடி. தூத்துக்குடியில் 2025-இல் வின்ஃபாஸ்ட் கார் ஆலை திறந்திருப்பதால் வரும் ஆண்டுகளில் அந்தப் பக்கம் ஆள் தேவை இருக்கும் என்று நினைக்கலாம்.

இந்தப் பக்கத்தில் இரண்டு வேலைகள்தான் ஆளை உருவாக்கும். ஒன்று, ஊதிய ஒப்பந்தம். சங்கம் கோரிக்கைப் பட்டியல் கொடுத்ததும் முதல் வேலை விலை போடுவது. அடிப்படை ஊதியத்தில் 100 ரூபாய் கூட்டினால் நிறுவனத்துக்கு ஆவது 100 அல்ல. பி.எஃப். 12, ஈ.எஸ்.ஐ. 3.25, பணிக்கொடைக்கு 4.81 (மாதத்துக்கு 26 நாள் கணக்கில் ஆண்டுக்கு 15 நாள் ஊதியம்), குறைந்தபட்ச போனஸும் கூடுகிற இடமாக இருந்தால் 8.33. மொத்தம் சுமார் 128 ரூபாய் 40 காசு. 500 பேருக்கு மாதம் 1,000 ரூபாய், மூன்று ஆண்டு ஒப்பந்தம் என்றால் வெறும் ஊதியம் 1 கோடியே 80 லட்சம், உண்மைச் செலவு 2 கோடியே 31 லட்சத்தை ஒட்டி வரும். 15,000-க்கு மேல் பி.எஃப். கட்டாயமில்லை, 21,000-க்கு மேல் ஈ.எஸ்.ஐ. இல்லை, அதையெல்லாம் ஆள்வாரியாகப் பார்த்துத் திருத்த வேண்டும். புதிய ஊதியத் தொகுப்பில் படிகள் மொத்தத்தில் பாதிக்கு மேல் போனால் மிகுதி ஊதியத்தோடு சேர்ந்துவிடும். ஆகவே, "அடிப்படையைத் தொடாமல் படியில் போட்டுவிடலாம்" என்ற பழைய தந்திரத்துக்கு இனி அவ்வளவு பலனில்லை. இந்தக் கணக்கைக் கையில் வைத்திருப்பவர்தான் பேச்சை நகர்த்துவார். சங்கத் தரப்பில் இதைப் போடத் தெரிந்த ஆள் இருந்தால் அவர்களுக்கும் இதே பலம்.

இரண்டாவது, உள் விசாரணை. வழக்குகள் நிர்வாகத்துக்கு எதிராகப் போவதற்கு இங்கேதான் வழி திறக்கிறது. குற்றச்சாட்டுக் குறிப்பாணையில் தேதி, நேரம், இடம் இல்லாமல், "ஒழுங்கீனமாக நடந்துகொண்டார்" என்று மட்டும் எழுதுவது. புகார் கொடுத்த மேற்பார்வையாளரையே விசாரணை அதிகாரியாக வைப்பது. விசாரணை அறிக்கையின் நகலைக் கொடுக்காமலே தண்டனை வழங்குவது. இரண்டாம் விளக்கக் கடிதத்தில் சொல்லாத பழைய தண்டனைகளைத் தீர்மானத்தில் சேர்ப்பது. எல்லாம் சின்னத் தவறுகள், வருடக்கணக்கில் இழுப்பவை. தற்காலிக நீக்கத்தில் வைத்துவிட்டு விசாரணையை மறந்துவிடுவது இன்னொரு வகை. தமிழ்நாட்டின் 1981 பிழைப்பூதியச் சட்டப்படி முதல் 90 நாள் பாதி ஊதியம், 180 நாள் வரை 75 சதவீதம், அதற்கு மேல் முழு ஊதியம். வேலை செய்யாத ஒருவருக்கு முழுச் சம்பளம் கொடுக்கும் நிலைக்கு நிர்வாகத்தைக் கொண்டுவந்து நிறுத்துவது அதன் சொந்தச் சோம்பல்தான். வேறொரு தகராறு நிலுவையில் இருக்கும்போது ஒருவரை வேலை நீக்கினால் ஒரு மாத ஊதியத்தையும் கொடுத்து, ஒப்புதல் மனுவும் போட வேண்டும். பழைய தொழில் தகராறுச் சட்டத்தின் பிரிவு எண்ணை வைத்து 33(2)(பி) என்று எல்லோரும் சொல்வது இதைத்தான். ஊதியத்தில் சில ரூபாய் குறைந்தாலும் நீக்கமே செல்லாமல் போய்விடக்கூடும்.

சம்பளம் மாதாமாதம் வரும் என்பது இந்தப் பக்கத்தின் பெரிய வசதி. ஆனால் ஆலை வாசலில் கூட்டம் சேர்ந்த இரவில் போன் வருவதும் இவருக்குத்தான். சங்கத்தோடு இவர் பேசி முடித்த சொல்லை மேலிடம் காப்பாற்றாவிட்டால் முகம் போவதும் இவருக்குத்தான்.

வக்கீல்

இதுதான் நீண்ட வழி, இதில்தான் தவறான எதிர்பார்ப்புகளும் அதிகம். பட்டம் முடித்தவருக்கு மூன்றாண்டு எல்.எல்.பி.; பக்கத்தில் 1996-இல் தொடங்கிய திருநெல்வேலி அரசு சட்டக் கல்லூரி. பிறகு பார் கவுன்சில் பதிவு, அகில இந்திய பார் தேர்வு. தொலைநிலைக் கல்வியில் பெற்ற எல்.எல்.பி.யை வைத்துப் பதிவு செய்ய முடியாது. முழுநேரச் சம்பள வேலையில் இருக்கும்போது வக்கீல் தொழில் நடத்தவும் முடியாது. நிறுவனத்தில் சேர்கிறவர் சன்னதை (வக்கீல் பதிவை) நிறுத்தி வைக்க வேண்டும். "வேலை பார்த்துக்கொண்டே பக்கத்தில் தொழிலாளர் கோர்ட்டுக்கும் போவேன்" என்ற திட்டம் இந்த இடத்திலேயே உடைகிறது.

நீதிமன்றம் நாகர்கோவிலில் இல்லை. குமரி வழக்குகளைத் தொழிலாளர் நீதிமன்றத்தில் நடத்த 80 கிலோமீட்டர் போய்த் திருநெல்வேலியில் நிற்க வேண்டும். ரிட் மனு என்றால் மதுரைக் கிளை. புதிய தொகுப்பில் தொழிலாளர் நீதிமன்றம் என்ற அமைப்பே இல்லை, இரு உறுப்பினர் கொண்ட தொழில் தீர்ப்பாயம்தான். நீதித்துறையிலிருந்து ஒருவர், நிர்வாகத்திலிருந்து ஒருவர். அது அமையும் வரை பழைய நீதிமன்றங்கள் தொடர்கின்றன. பழைய சட்டத்தில் தொடங்கிய வழக்குகள் இன்னும் ஆண்டுக்கணக்கில் ஓடும். ஆக, இப்போது நுழைகிற இளம் வக்கீல் இரண்டு சட்டத்தையும் படித்தாக வேண்டும். சுமைதான். ஆனால் மூத்தவர்களுக்கும் புதிய தொகுப்பு புதுப் பாடம் என்பதால் சம நிலையில் தொடங்கும் வாய்ப்பு இது.

வேலை நீக்கப்பட்ட ஒருவரின் வழக்கு நடக்கும் விதம் தெரிந்தால் இந்தத் தொழிலின் பொருளாதாரம் புரியும். முதலில் சமரச அலுவலரிடம் மனு. வக்கீல் எழுதிக் கொடுக்கலாம், உள்ளே போக முடியாது. 45 நாளில் தீராவிட்டால் தொழிலாளி நேரடியாக வழக்குப் போடலாம். பழைய சட்டத்தில் நீக்கிய நாளிலிருந்து மூன்று ஆண்டு அவகாசம் இருந்தது. புதிய தொகுப்பில் இரண்டு ஆண்டு. "கேஸ் போடலாமா" என்று ஊர்ப் பெரியவர்களிடம் கேட்டுக்கொண்டிருக்கும் தொழிலாளிக்கு அந்த ஓராண்டுக் குறைவு பெரிய அடி. பிறகு கோரிக்கை அறிக்கை, எதிருரை, ஆவணங்கள், சாட்சி, குறுக்கு விசாரணை. நீதிமன்றக் கட்டணம் இல்லை. அந்த ஆண்டுகளில் தொழிலாளியிடம் பணமும் இல்லை. ஜெயித்து வரும் தொகையில் இத்தனை சதவீதம் என்று கட்டணம் பேசுவதைப் பார் கவுன்சில் விதி தடுக்கிறது. எனவே தொழிலாளி தரப்பு மட்டும் நடத்தும் இளம் வக்கீல் முதல் ஐந்தாண்டு மோட்டார் விபத்து, குடும்ப வழக்கு என்று வேறு வேலைகளில்தான் வீட்டுச் செலவைப் பார்க்க வேண்டியிருக்கும். மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் குழு வக்கீலாகச் சேர்வது ஒரு வழி. 1987 சட்டப்படி தொழிலகத் தொழிலாளி இலவச உதவிக்கு உரியவர். தொகை சிறியது, பழக்கம் பெரியது.

நீதிமன்றத்துக்குள்ளும் ஒரு முட்டுக்கட்டை உண்டு. எதிர்த்தரப்பின் சம்மதமும் நீதிமன்ற அனுமதியும் இருந்தால்தான் வக்கீல் ஆஜராக முடியும் என்று பழைய தொழில் தகராறுச் சட்டத்தின் 36(4) சொன்னது. புதிய தொகுப்பிலும் இது தொடர்கிறது. நடைமுறையில் இரு தரப்பும் வக்கீல் வைப்பதால் பெரும்பாலும் சம்மதம் கிடைத்துவிடும். ஆனால் சங்கமோ நிர்வாகமோ மறுத்தால் வெளியே நிற்க வேண்டியதுதான். பாரதீப் துறைமுக வழக்கில் 1976-இல் உச்ச நீதிமன்றம் ஒன்றைத் தெளிவாக்கியது: வக்கீலாக இருப்பவர் சங்கத்தின் பொறுப்பாளராகவும் இருந்தால், அந்தப் பொறுப்பில் ஆஜராகச் சம்மதம் தேவையில்லை. தொழிலாளர் வழக்கு நடத்தும் பல வக்கீல்கள் ஏதாவது ஒரு சங்கத்தில் பதவி வகிப்பதற்குக் கொள்கை மட்டும் காரணமல்ல.

சங்கம்

1918-இல் சென்னையில் பி.பி. வாடியா தொடங்கிய மெட்ராஸ் தொழிற்சங்கக் காலத்திலிருந்தே வெளியாள் தலைமை நம் சங்கங்களில் வழக்கம்தான். சட்டமும் அதற்கு அளவோடு இடம் கொடுக்கிறது: அமைப்புசாரா தொழிலில் பொறுப்பாளர்களில் பாதிப்பேர் வரை வெளியாளாக இருக்கலாம்; மற்றவற்றில் மூன்றில் ஒரு பங்கு அல்லது ஐந்து பேர், எது குறைவோ அது. பட்டதாரி ஒருவர் முழுநேர ஊழியராகச் சேர்ந்தால் கிடைப்பது சிறு படித்தொகை. அதை மறைத்துச் சொல்வதில் பயனில்லை.

ஆனால் கற்றுக்கொள்ளும் வேகத்தில் இதை மிஞ்ச எந்த வழியும் இல்லை. முதல் ஆண்டிலேயே சமரச அறைக்குள் உட்காரலாம். அதிகாலை இருட்டில் பால்வெட்டுக்குப் போகும் தோட்டத்தில் கூட்டம் போட்டு, நிர்வாகம் கொடுத்த கணக்கைத் தொழிலாளிக்குப் புரியும்படி சொல்லி, "இதற்கு மேல் இழுத்தால் உள்ளதும் போகும்" என்று கைதட்டு வாங்கித் தராத வார்த்தையைப் பேசிப் பழகியவருக்குப் பேச்சுவார்த்தை தெரியும். புதிய தொகுப்பில் 51 சதவீத உறுப்பினர் உள்ள சங்கமே பேச்சு நடத்தும் தனிச் சங்கம். யாருக்கும் அது இல்லையென்றால் 20 சதவீதத்துக்கு ஒரு இடம் என்ற கணக்கில் பேச்சுக்குழு. வேலைநிறுத்தத்துக்கு 14 நாள் முன்னறிவிப்பு எல்லாத் தொழிலுக்கும் கட்டாயம். பாதிப்பேர் சேர்ந்து தற்செயல் விடுப்பு எடுத்தாலும் அது வேலைநிறுத்தம்தான். உறுப்பினர் பட்டியல், சந்தா ரசீது, நோட்டீஸ் தேதி: இனி சங்க வேலையில் எழுத்துக்குக் கூடுதல் இடம். 2024-இல் ஸ்ரீபெரும்புதூர் சாம்சங் ஆலையில் நடந்த நீண்ட வேலைநிறுத்தத்திலேயே மையப் பிரச்சினை சங்கப் பதிவுதான். எழுதத் தெரிந்த பட்டதாரிக்குச் சங்கத்தில் இடம் இருக்கிறது.

சமரச அலுவலர் முன் போடும் 12(3) ஒப்பந்தம் என்றால் சங்கத்தில் இல்லாத தொழிலாளியையும் கட்டும், இரு தரப்பும் தாங்களே பேசிப் போடும் 18(1) என்றால் கையெழுத்திட்ட தரப்பை மட்டும். புதிய தொகுப்பில் எண்கள் மாறினாலும் பேச்சுவழக்கில் இன்னும் இந்த எண்கள்தான் ஓடுகின்றன. சங்கத்தில் இருக்கிறவர் இந்த வித்தியாசத்தைத் தூக்கத்திலும் சொல்ல வேண்டும்.

பி.எஃப்., ஈ.எஸ்.ஐ. கன்சல்டன்ட்

பலர் இதைத் தொழிலுறவு என்றே எண்ணுவதில்லை. ஆனால் ஊரை விட்டுப் போகாமல், இரண்டாவது மாதத்திலேயே கொஞ்சம் வருமானத்தோடு தொடங்க முடிகிற ஒரே வழி இதுதான். நாகர்கோவிலிலோ மார்த்தாண்டத்திலோ ஒரு கன்சல்டன்ட் அலுவலகத்தில் உதவியாளராகச் சேரலாம். ஒவ்வொரு மாதமும் 15-ஆம் தேதிக்குள் இரண்டு செலுத்துச்சீட்டும் போக வேண்டும். பள்ளி, மருத்துவமனை, கடை, அண்டி ஆபீஸ் என்று வாடிக்கையாளர் பலவகை. கொல்லம் முதலாளிகளின் ஆலைகளும் உண்டு என்பதால் மலையாளம் பேசவும் படிக்கவும் தெரிந்தால் அது தனிச் சொத்து.

தகராறு எங்கே முளைக்கிறது என்பதை இங்கிருந்து பார்க்கலாம். அண்டி ஆபீஸில் தோட்டண்டி (உடைக்காத முந்திரிக்கொட்டை) வரத்து குறைந்து வேலை நாள் சுருங்கினால், ஈ.எஸ்.ஐ.யின் ஆறு மாதப் பங்களிப்புக் காலத்தில் 78 நாளாவது பங்களிப்பு இருக்க வேண்டும் என்ற அளவு எட்டாமல் போய், அடுத்த பலன் காலத்தில் அந்தப் பெண்ணுக்கு நோய்க்காலப் பணம் கிடைக்காது. பிடித்தம் செய்ததற்கு என்ன பயன் என்று அவர் சண்டைக்கு வருவார். சண்டை நியாயம்தான், விதியும் அப்படித்தான். 78-க்கு எத்தனை நாள் குறைகிறது என்று நான்காம் மாதமே நிர்வாகத்துக்குச் சொல்கிற கன்சல்டன்ட் ஒரு தகராறைப் பிறக்காமல் தடுக்கிறார். 20 பேரோ அதற்கு மேலோ உள்ள இடத்தில் குறைதீர் குழு அமைப்பது, எல்லோருக்கும் நியமனக் கடிதம் கொடுப்பது என்று புதிய தொகுப்புகள் சொல்வதால் சிறு நிறுவனங்களுக்கும் இனி ஆள் தேவை. நிலையாணைகள் (வேலை விதிகளை எழுதி வைக்கும் ஆவணம்) 300 பேரோ அதற்கு மேலோ இருந்தால்தான் கட்டாயம். ஆக நம் மாவட்டத்துச் சிறு ஆலைகளில் வழக்கு வந்தால் நியமனக் கடிதத்தின் வாசகமே முதல் சாட்சி. அதை ஒழுங்காக எழுதத் தெரிந்தவருக்கு வேலை உண்டு.

குறை என்னவென்றால், இதிலேயே பத்து வருடம் இருந்தால் சலான் கட்டும் ஆளாகவே முடிந்துவிடலாம். ஆய்வு வரும்போது பதில் எழுதுவது, தொகை நிர்ணய விசாரணையில் நிறுவனத்தின் சார்பில் நிற்பது என்று கேட்டு வாங்கிச் செய்தால்தான் மேலே போக முடியும்.

யார் எதை எடுக்கலாம்

வீட்டில் மூன்று வருடம் வருமானம் இல்லாமல் தாங்கும், ஊரை விட்டும் போக வேண்டாம் என்றால் எல்.எல்.பி.; விடுமுறையில் ஒரு கன்சல்டன்ட் அலுவலகம், ஏதாவது ஒரு சங்கத்தோடு தொடர்பு. சட்டம், கணக்கு, ஆட்கள் மூன்றும் தெரிந்த தொழிலாளர் வக்கீல் மாவட்டத்தில் எப்போதும் குறைவு.

உடனே சம்பளம் வேண்டும், வெளியூர் போகலாம் என்றால் நல அலுவலர் தகுதியுள்ள படிப்போடு ஓசூரோ ஒரகடமோ. ஐந்து வருடத்தில் குறைந்தது ஒரு ஊதிய ஒப்பந்தத்திலும் பத்து உள் விசாரணையிலும் கையிருக்க வேண்டும். அது கிடைக்காத நிறுவனமாக இருந்தால் சம்பளம் நன்றாக இருந்தாலும் மாறிவிடுங்கள். வீட்டுக்குப் பக்கத்தில் இருக்க வேண்டிய கட்டாயமும் பணத் தேவையும் சேர்ந்து இருந்தால் கன்சல்டன்ட் வழிதான். பக்கத்தில் அமலாக்க அலுவலர் தேர்வுக்குப் படியுங்கள், இரண்டுக்கும் பாடம் ஒன்றே. அரசு வேலையின் பாதுகாப்புக்காக மட்டும் தொழிலாளர் துறையைத் தேர்ந்தெடுப்பவர் தராசு முத்திரை பார்ப்பதில் சலிப்படைய மாட்டேன் என்றால் தாராளமாக எழுதலாம். தகராறு தீர்க்க ஆசைப்பட்டு அதே பதவிக்குப் போகிறவர்தான் ஏமாறுவார்.

பணம் கட்டும் முன் செய்யக்கூடிய சோதனை ஒன்று உண்டு, செலவு ஒரு பேருந்துச் சீட்டு. திருநெல்வேலி தொழிலாளர் நீதிமன்றம் திறந்த நீதிமன்றம். ஒரு விசாரணை நாளில் போய் மதியம் வரை பின்வரிசையில் உட்காருங்கள். பிறகு வீட்டுக்கு வந்து, கற்பனையான ஒரு வேலை நீக்கத்துக்குத் தொழிலாளி சார்பில் ஒரு பக்க மனுவும், நிர்வாகம் சார்பில் ஒரு பக்கப் பதிலும் தமிழில் எழுதிப் பாருங்கள். தேதிகளும் தொகைகளும் எந்தப் பக்கத்தில் தடையில்லாமல் வருகின்றன என்று பார்த்துவிட்டு விண்ணப்பப் படிவத்தைத் தொடலாம்.